வினையூக்கியை மீட்கலாம், ஓடையை யார் மீட்பது?

உலோக-கரிமக் கட்டமைப்புகளை உருவாக்கியமைக்காக 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. யாகி, அம்மான் நகரில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் பிணைத்தால், கட்டடத்துக்குச் சாரம் கட்டியது போன்று, நுண்துளைகள் நிறைந்த படிகம் கிடைக்கிறது. சில கிராம் படிகத்தின் உட்பரப்பே ஒரு கால்பந்துத் திடலுக்கு ஈடாகும். மருந்துத் தயாரிப்பில் கரைசலோடு கலந்துவிடும் பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த வினையூக்கிகளைப் பின்னர் பிரித்தெடுப்பது கடினம். அதற்கெனக் கரைப்பான் செலவாகிறது, உலோகத்தில் ஒரு பகுதி கழிவோடு போகிறது. இப்படிகத்தின் துளைகளில் அதை இருத்திவிட்டால், வடிகட்டி, கழுவி, மீண்டும் பயன்படுத்தலாம்.

இது சிறிய செய்தியன்று. ஒரு கிலோ மருந்துப் பொருளை உண்டாக்க 25 முதல் 100 கிலோவுக்கு மேலும் கழிவு சேர்கிறது என்று ரோஜர் ஷெல்டன் 1992இல் கணக்கிட்டார். அக்கழிவு போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செரு. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைப் பெறும் அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டனர். அம்மருந்தை உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். சுத்திகரித்த பின்னரே இந்நிலை!

பசுமை என்ற சொல்லைக் கண்டதும் மயங்கவும் வேண்டியதில்லை. இக்கட்டமைப்புகளில் பல ஈரம் பட்டால் சிதைகின்றன. அவற்றைத் தயாரிக்கவே கல்லீரலைக் கெடுக்கும் டைமெத்தில்ஃபார்மமைடு பெரிதும் பயன்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் சில சுற்றுகள் தாங்கியது ஆலையில் மாதக்கணக்கில் தாங்குமா என்பதை ஆலையில் சோதித்தே அறிய முடியும். அதற்குப் பணமும் காலமும் தேவை. கழிவை ஓடை இலவசமாகச் சுமந்து செல்லும்வரை, எந்த முதலாளி அவற்றைச் செலவிட முன்வருவார்?

அச்சோதனையைச் செய்திருக்கக்கூடிய பொதுத்துறை ஆலை அதே நகரில் இருந்தது. சோவியத் உதவியுடன் எழுந்த ஐ.டி.பி.எல். ஆலையே ஹைதராபாத்தை மருந்து உற்பத்தியின் மையமாக்கியது. அங்கு தொழில் பயின்றவர்களே பின்னாளில் தனியார் ஆலைகளை நிறுவினர். அரசின் இந்திய வேதித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இன்றும் அங்கே இயங்குகிறது. ஐ.டி.பி.எல். நிறுவனத்தை மூடவும், அதன் உபரி நிலத்தை விற்கவும் 2016 டிசம்பரில் மோடி அமைச்சரவை முடிவெடுத்தது.