உப்பு மட்டும் போதுமா?

(இரண்டாமாண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

செய்முறை வகுப்பில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். குருதித் துளியை வெறும் நீரில் இட்டால் சிவப்பணுக்கள் உப்பி வெடிக்கின்றன, 0.9 விழுக்காட்டு உப்புக் கரைசலில் இட்டால் உருக்குலையாமல் இருக்கின்றன. படம் வரைகிறோம், கையொப்பம் பெறுகிறோம், பதிவேட்டை மூடிவிடுகிறோம். பாடம் அங்கே முடிந்துவிடுகிறதா? இல்லை என்பதே என் கருத்து.

உப்புக்குப் பதில், அதே சவ்வூடு அழுத்தம் கொண்ட கிளிசரின் கரைசலை (ஏறத்தாழ 2.6 விழுக்காடு) எடுத்துக்கொள்வோம். அழுத்தம் சமந்தானே, மனிதச் சிவப்பணு பிழைக்கும் என எண்ணுவோம். பிழைக்காது! உப்பு சவ்வுக்கு வெளியே நிற்கும், கிளிசரினோ உள்ளே புகும், அதன் பின்னே நீரும் புகும், அணு வெடிக்கும். அதே அளவு கிளிசரினை 0.9 விழுக்காட்டு உப்புக் கரைசலில் கலந்து இட்டாலோ, அணு சற்றே சுருங்கிப் பின் பழைய நிலைக்கு மீளும். ஆக, எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதோடு, எது சவ்வைத் தாண்டும் என்றும் கேட்க வேண்டும்.

இது வெறும் ஏட்டறிவா, நண்பர்களே? 1952-இல் பெண்டே குழுவினர் அறிவித்த 'பம்பாய்' குருதி வகையினருக்கு 'ஓ' வகைக் குருதியும் உதவாது. தம் வகையே வேண்டும். இந்தியாவில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவருக்கே அவ்வகை. குளிர்பெட்டியில் சிவப்பணுக்களை அதிகமாய் 42 நாட்களே வைக்கலாம். கிளிசரின் சேர்த்து உறைய வைத்தாலோ பத்தாண்டுகள் காக்கலாம்! ஆனால் உருக்கியதும் நேரே 0.9 விழுக்காட்டுக் கரைசலில் இட்டால் அணுக்கள் வெடித்து வீணாகும். முதலில் 12 விழுக்காட்டு உப்பு, அடுத்து 1.6, கடைசியில் குளுக்கோசு சேர்ந்த 0.9 எனப் படிப்படியாக இறங்கியே கழுவுகிறார்கள். ஒரு படியைத் தாண்டினாலும் கிடைத்தற்கரிய குருதி பாழ்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று ஊரில் கேட்பவர்களுக்கு, வெடித்த அணுவின் படத்தைக் காட்டினால் போதாது. குருதி வங்கியில் ஓர் உயிரைக் காக்கும் கணக்கு இது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள்: செய்முறையில் இன்னும் இரண்டு சோதனைக் குழாய்களைச் சேர்த்துவிடுங்கள். ஒன்றில் கிளிசரின் மட்டும்; மற்றொன்றில் கிளிசரினும் உப்பும். ஆய்வகத்துக்குப் பெருஞ்செலவில்லை, அஸ்தம்பட்டி மருந்துக் கடையிலேயே ஒரு புட்டி கிளிசரின் கிடைக்கும். அந்த இரண்டு குழாய்கள் எழுப்பும் "ஏன்?" என்ற கேள்விதான் மாணவனை அறிவியலாளன் ஆக்கும்!