ஸ்பானிஷ் வகுப்பில் தமிழுக்கும் இடம் வேண்டும்!

நண்பர்களே, தேர்வில் 'கை கழுவிக்கொள்கிறேன்' என்பதற்கு 'லாவோ மிஸ் மானோஸ்' என்று எழுதினேன். மார்க் போச்சு! 'மே லாவோ லாஸ் மானோஸ்' என்பதே சரி.

தப்பு எங்கே? இங்கிலீஷில் யோசித்ததுதான். 'என் கைகளை' என்று அதுதான் கேட்கும். நம்ம வீட்டில் 'கை கழுவிக்கிறேன்', அவ்வளவுதானே! அந்தக் 'கொள்' செய்யும் வேலையை ஸ்பானிஷில் 'மே' செய்கிறது. காரைக் கழுவினால் வெறும் 'லாவோ'.

ஒரே வம்பு, நம்ம 'கொள்' மாறாது. அவங்களுக்கு ஆளுக்கு ஆள் மாறும். மே லாவோ, தே லாவாஸ், சே லாவா, நோஸ் லாவாமோஸ், ஓஸ் லாவாயிஸ், சே லாவான். ('ஓஸ்' பெரும்பாலும் ஸ்பெயினில்தான்.) இதை மனப்பாடம்தான் பண்ணணும், வேற வழியில்லை.

டீச்சர், விளக்கும்போது மட்டுமாவது தமிழில் பேச விடுவீர்களா?

- 9ஆம் வகுப்பு மாணவி