பள்ளிக்கூடப் பணம்: கையெழுத்துக்கு முன் நாலு கேள்வி

ராயகிரி மாதிரி ஓர் ஊரில் அரசுப் பள்ளியின் தண்ணீர்க் குழாய் உடைந்தால், பிளம்பர் அரை மணி நேரத்தில் வந்துவிடுவார். அவருக்கான கூலிதான் டெல்லியில் இருந்து கண்காணிக்கப்படும் ஒரு கணினித் தளத்தைத் தாண்டி வர வேண்டும்.

அந்தப் பணம் நகர இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் தலைமையாசிரியர். இன்னொருவர் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர். இவர் அதிகாரி இல்லை. அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர். தென்காசிப் பக்கம் அவர் பீடி சுற்றும் அம்மாவாக இருக்கலாம், வயல் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்துதான் போடுகிறாரா?

முன்பு எப்படி, இப்போது எப்படி?

முன்பெல்லாம் மானியம் பள்ளியின் வங்கிக் கணக்கிலேயே வந்து விழும். காசோலை எழுதி எடுப்பார்கள். ரொக்கப் பதிவேட்டில் எழுதி, ரசீதுகளைக் கோப்பில் ஒட்டி, வட்டார வள மையத்துக்குச் செலவுச் சான்று அனுப்புவார்கள். எந்தப் பள்ளிக் கணக்கில் எவ்வளவு பணம் தூங்குகிறது என்பது மேலே இருப்பவர்களுக்கு உடனே தெரியாது.

2021 ஜூலையில் இருந்து நிலைமை மாறியது. மத்திய நிதி அமைச்சகத்தின் உத்தரவுப்படி, மத்திய அரசு பங்கு தரும் ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே ஒரு மையக் கணக்கு. பள்ளிகளுக்கு நிதி தரும் சமக்ர சிக்ஷா திட்டமும் இதில் அடங்கும். பள்ளியின் கணக்கில் இருப்பு பூஜ்யம். இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற வரம்பு மட்டுமே உண்டு. பில்லைப் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் ஏற்றி, அச்சடித்த தாளில் இருவரும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுத்தால், பணம் நேராகக் கடைக்காரர் கணக்குக்குப் போய்விடும்.

இதில் நன்மை இருக்கிறது. ரொக்கம் கைமாறுவதில்லை. யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு போனது என்பது அழியாமல் பதிவாகிறது. சிரமமும் இருக்கிறது. பிளம்பரின் பெயரும் வங்கிக் கணக்கும் தளத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் வேலைக்கு இத்தனை பாடா என்று தலைமையாசிரியர் தன் கையில் இருந்து போட்டுச் சமாளிப்பதும் உண்டு.

நிதியாண்டு முடியும்போது செலவாகாத வரம்பு பள்ளிக்கென்று காத்திருக்காது. மேலே மடை அடைபட்டால் கடைசி வயல் வரை காயும். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தம் தொடர்பான பிணக்கில் 2024-25-ல் தமிழகத்துக்குச் சுமார் 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றதே, அதுபோல.

ஒரு பிள்ளை, 25,000 ரூபாய்

ஒரு பள்ளிக்கு எவ்வளவு மானியம் என்பதை மாணவர் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. சமக்ர சிக்ஷா விதிப்படி 100 பிள்ளைகள் இருந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை. 101 பேர் ஆனால் 50,000 வரை. 250-ஐத் தாண்டினால் 75,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். எண்ணிக்கை யு-டைஸ் பதிவில் இருந்து எடுக்கப்படுவதால், அங்கே ஒரு பெயர் விட்டுப்போனால்கூடப் பணம் பாதியாகலாம்.

ஊர் கண்ணில் பட்டால்

ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் 1990-களில் நடந்தது இது. அரசு அனுப்பிய பள்ளி மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வில் தெரிய வந்தது. அதன்பின் அனுப்பும் தொகையை நாளிதழ்களில் வெளியிட்டார்கள். பள்ளியிலும் எழுதி ஒட்டச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் மானியத்தின் பெரும்பகுதி பள்ளிக்கே வந்து சேர ஆரம்பித்தது. காரணம் ஒன்றே ஒன்றல்ல என்றாலும், கணக்கு ஊர் கண்ணில் பட்டது முக்கியமானது.

நம்மூரில் கணக்கு டெல்லி வரை தெரிகிறது. பள்ளி வாசலில் நிற்கும் அம்மாவுக்குத்தான் தெரிவதில்லை. இத்தனைக்கும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவில், மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் பொறுப்பை மேலாண்மைக் குழுவிடமே கொடுத்திருக்கிறது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள்.

அதனால் குழுக் கூட்டத்தில் நாலு கேள்வி கேட்கலாம்:

1. இந்த ஆண்டு நம் பள்ளிக்கு வந்த வரம்பு எவ்வளவு?
2. இதுவரை எதெதற்குச் செலவானது? பில் எங்கே?
3. மீதி எவ்வளவு? மார்ச்சுக்குள் என்ன செய்யப்போகிறோம்?
4. யு-டைஸில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பதிவாகியிருக்கிறது?

இப்படிக் கேட்பது தலைமையாசிரியரைச் சந்தேகப்படுவது ஆகாது. உடன் கையெழுத்திடுபவருக்கும் விவரம் தெரிந்தால் அவருக்கும் பாதுகாப்புதான். பதில்களை ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும்.

குழாய்க்கு எவ்வளவு செலவானது என்று கணினி சொல்லிவிடும். அதில் தண்ணீர் வருகிறதா என்பதைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு அந்த ஊர்க்காரர்தான் வேண்டும்.