அலமாரியை நிரப்பும் வரி

பண்டிகை முடிந்ததும் செய்தித்தாள் இணைப்புகளிலும் யூடியூபிலும் ஒரே பாடம்தான். அலமாரியைக் காலி செய்வது எப்படி? ஓராண்டாக உடுத்தாததை வெளியே எடுத்துப் போடுங்கள், மிச்சத்தை நிறவாரியாக மாட்டுங்கள், சட்டையை நெட்டுக்குத்தாக மடித்து வரிசையாக வையுங்கள். பயனுள்ள யோசனைகள்தான். ஆனால், அந்த அலமாரி ஏன் நிரம்பி வழிகிறது என்று இந்த நிபுணர்களில் ஒருவராவது கேட்டிருக்கிறார்களா?

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், தைத்த ஆடைகளுக்கான வரிக்கோட்டை ஆயிரம் ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்கு நகர்த்தியது. அம்மாதம் 22 முதல், உருப்படி ஒன்று 2,500 ரூபாய்க்குள் இருந்தால் 5% வரி. ஒரு ரூபாய் தாண்டினாலும் 18%. அதற்கு முன்பு ஆயிரத்துக்கு மேல் எல்லாவற்றுக்கும் 12%. பிரதமர் இதை ‘ஜிஎஸ்டி சேமிப்புத் திருவிழா’ என்று அறிவித்தார். கடைக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வருவது சேமிப்பு என்றால், செலவு என்பது எதுவோ!

கணக்கைப் பாருங்கள். வரிக்கு முன் 499 ரூபாய் விலையுள்ள சட்டை ஐந்து எடுத்தால் 2,495 ரூபாய், வரி 125. நல்ல பருத்தியில், நெருக்கமான தையலில், ஆறேழு ஆண்டு உழைக்கக்கூடிய ஒரே சட்டையை 2,600 ரூபாய்க்கு எடுத்தால் வரி மட்டும் 468. பழைய விகிதத்தில் அது 312தான். ஐந்து வாங்குகிறவருக்குச் சலுகை, ஒன்று வாங்குகிறவருக்கு அபராதம். இந்த ஐந்தில் மூன்று அடுத்த தீபாவளிக்குள் காலர் நைந்து, பித்தான் உதிர்ந்து அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும். அவற்றை எப்படி அடுக்குவது என்பதற்குத்தான் நமக்குப் பாடம் நடக்கிறது.

என்னைச் சந்திப்பவர்களிடமெல்லாம் நான் சலிக்காமல் சொல்லும் எண் ஒன்று உண்டு: 36. எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பதினைந்து ஆண்டுகளில் உலகின் ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஒரு ஆடையைத் தூக்கிப்போடுமுன் எத்தனை தடவை உடுத்துகிறோம் என்பது 36% சரிந்தது. நூறு தடவை உடுத்திய சட்டையை இப்போது 64 தடவைதான் உடுத்துகிறோம். அதாவது, முன்பு ஒரு சட்டை பார்த்த வேலையைப் பார்க்க இன்று ஒன்றரைச் சட்டைக்கு மேல் வேண்டும். உங்கள் அலமாரியில் கூடுதலாக அடைந்துகிடக்கும் அந்த அரைப்பங்கு இங்கிருந்துதான் வந்தது. உங்கள் சோம்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது உலகச் சராசரிதானே, இந்தியாவுக்குப் பொருந்துமா என்று சில பொருளியலாளர்கள் கேட்பார்கள். அவர்கள் சென்னையின் ஜவுளிக் கடைகள் நிறைந்த ரங்கநாதன் தெருவில் ஒரு மாலை நின்றுவிட்டு வந்து பேசட்டும்.

காலி செய்யும் கலையின் உலக ஆசான் மாரி கோண்டோ. 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வீடுவீடாகப் போய்த் துணிகளைக் கட்டிலில் குவிக்க வைத்து, மனசுக்கு மகிழ்ச்சி தராததைக் கழித்துக்கட்டச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் அவரே இணையத்தில் கடை திறந்து வீட்டுப் பொருட்களை விற்கத் தொடங்கினார். கழித்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டுமே! மூன்றாவது குழந்தை பிறந்தபின், வீட்டை ஒழுங்காக வைப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டதாக 2023இல் அவரே சொன்னார். அதையாவது நம் ஆட்கள் காதில் வாங்கியிருக்கலாம்.

சரி, கழித்த துணி எங்கே போகிறது? ‘யாருக்காவது கொடுத்துவிடுங்கள்’ என்பது எவ்வளவு சுலபமான பதில்! கானாவின் அக்ராவில் உள்ள கண்டமாண்டோ சந்தைக்கு, பணக்கார நாடுகள் அப்படி ‘கொடுத்த’ துணி வாரத்துக்குச் சுமார் 1.5 கோடி உருப்படி வருகிறது என்பது அங்குள்ள தொண்டு நிறுவனத்தின் மதிப்பீடு. விலைபோகாதது சாக்கடையிலும் கடற்கரையிலும் கிடக்கிறது. சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரிலிருந்து சனிக்கிழமைகளில் பழைய சோபா, மெத்தையோடு துணிகளையும் வீடு தேடி வந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்து எரிக்கிறது.

நம்மிடம் வேறு வழி இருந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் வருவார். ஒவ்வொன்றாகப் பிரித்து, விரலிடையில் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். பருத்திப் புடவை என்றால் முகம் மலரும். பாலியஸ்டர் என்றால் ஓரமாக வைத்துவிட்டு, ‘இது வேணாம்மா’ என்பார். அவருக்குத் தெரிந்தது வரிக்குத் தெரியவில்லை. நைந்த பருத்திப் புடவை தூளியாகும், போர்வையாகும், கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகும். பாலியஸ்டர் குர்த்தி தண்ணீரையும் உறிஞ்சாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் இரண்டுக்கும் ஒரே வரி.

மலிவுத் துணி இல்லாவிட்டால் ஏழை என்ன உடுத்துவான் என்று கேட்பவர்கள் வரி அட்டவணையைப் படிக்கவில்லை. ஆயிரம் ரூபாய்க்குக் கீழே ஏற்கெனவே 5%தான். புதிய சலுகை ஆயிரத்துக்கு மேல் வாங்குகிற நமக்கு. அமெரிக்காவின் 50% வரியில் திருப்பூர் தவித்ததால் உள்ளூர் விற்பனையாவது கூடட்டும் என்பது அடுத்த வாதம். திருப்பூருக்கு என்ன விலையில் வேலை வந்தது என்பதற்கு சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாட்சி. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை மறந்தவர்களோடு வாதாடிப் பயனில்லை.

பிரான்சில் 2023 நவம்பரிலிருந்து, கிழிந்த ஆடையைத் தைக்கவும் செருப்பு, ஷூவைச் செப்பனிடவும் 6 முதல் 25 யூரோ வரை தள்ளுபடி தருகிறார்கள். தயாரிப்பாளர்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்து அந்தப் பணம் வருகிறது. இங்கே ஆல்ட்ரேஷன் கடையில் ஜிப் மாற்றக் கொடுத்தால், ‘இதுக்குக் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாமே சார்’ என்று தையல்காரரே சொல்கிறார். தன் பிழைப்புக்குத் தானே வேட்டு வைக்கும் அளவுக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்.

2,500 ரூபாய்க் கோட்டை அழித்துவிட்டு, விலை பார்க்காமல் இழையைப் பார்த்து வரி போட்டால், பத்தே ஆண்டில் நாட்டின் பாதி அலமாரிகள் தாமாகவே காலியாகும். ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இருக்கை இருக்கிறது. பருத்தி ஆலைகளும் கைத்தறியும் பின்னலாடையும் இருக்கும் மாநிலம், அடுத்த கூட்டத்தில் இதை எழுத்துமூலம் கேட்க வேண்டும்.