படகுக்கு முந்த வேண்டிய ஊசி

குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்திருப்பது தீவக மக்களுக்குப் பழகிப்போன விடயம். காற்றுத் தணியக் காத்திருப்பர், படகுக்குக் காத்திருப்பர், படகால் இறங்கிய பின் யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் காத்திருப்பர். இதனால் எம்மக்களிடம் பொறுமை என்றொரு நற்குணம் வளர்ந்திருக்கின்றது. ஆனால் அந்தப் பொறுமையே ஆபத்தாகின்ற வேளையும் உண்டு. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

சில காலத்துக்கு முன், நெடுந்தீவிலிருந்து வந்த காலைப் படகில் ஓர் இளந்தாய் எட்டு மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி இறங்கினாள். குழந்தையின் உதடும் கண்மடல்களும் வீங்கியிருந்தன. உடம்பெங்கும் தடிப்பு. அழ வேண்டிய குழந்தை அழாமல் துவண்டு கிடந்தது.

“எப்ப தொடங்கினது, பிள்ளை?” என்று கேட்டேன்.

“விடிய, முதன்முதலா அவிச்ச முட்டை தீத்தினனான், பாதர். கொஞ்ச நேரத்தில தடிச்சுப்போட்டுது. இரண்டு தரம் சத்தியும் எடுத்தது. கிரந்தி எண்டுதான் நினைச்சம். வீட்டில கிடந்த தடிமன் பாணியைக் குடுத்திட்டுப் படகுக்கு ஓடி வந்தனாங்கள்.”

துறையில் நின்ற முச்சக்கரவண்டியில் ஏற்றி, மிக அருகிலிருந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். பத்து நிமிடமளவில் குழந்தை கண்விழித்து வீரிட்டு அழுதது. தாயும் அப்போதுதான் அழுதாள்.

குழந்தை பிழைத்தது. ஆனால் அது பிழைத்தது எமது கெட்டித்தனத்தால் அன்று. அந்த ஊசிமருந்து கடலுக்கு இக்கரையில் மட்டும் கிடைக்கும் அபூர்வப் பொருள் அல்ல. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அரசாங்க வைத்தியசாலைகள் உள்ளன. அந்தத் தாய் அங்கே போயிருக்கலாம். போக வேண்டும் என்று அவளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அம்மருந்தின் பெயர் அட்றினலின். எபிநெப்ரின் என்றும் சொல்வர். எமது உடலே சுரக்கும் இப்பொருளை 1901ஆம் ஆண்டில் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே தூய நிலையில் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டிலேயே பிரான்சிய அறிஞர்களான போல் போர்த்தியேயும் சார்ள்ஸ் றிச்சேயும் கடும் ஒவ்வாமைக்கு ‘அனபிலக்சிஸ்’ என்று பெயரிட்டனர். கடற்பயணமொன்றில் கடற்சொறியின் நஞ்சைப் பற்றித் தொடங்கிய ஆராய்ச்சி அது. இதற்காக றிச்சே 1913இல் நோபல் பரிசு பெற்றார். நோயையும் மருந்தையும் மருத்துவ உலகம் அறிந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. எமது வீடுகளுக்குத்தான் அந்த அறிவு இன்னும் வந்து சேரவில்லை.

கிரந்திச் சாப்பாடு எது என்று எங்கள் ஆச்சிமாருக்கு நன்கு தெரியும். ஆனால் நான் சொல்வது தோலோடு நிற்கும் கிரந்தி அல்ல. இதில் இரத்தக்குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் விழுகிறது; தொண்டை வீங்குகிறது; சுவாசக்குழாய்கள் சுருங்குகின்றன. அட்றினலின் இம்மூன்றையும் ஒருசேர எதிர்க்கிறது. ஒவ்வாமைப் பாணியும் குளிசையும் கடியைத் தணிக்கும், மூச்சைக் காப்பாற்றா. ஸ்ரீரொயிட் மருந்து வேலைசெய்ய மணிக்கணக்காகும்.

நேரம் எவ்வளவு இருக்கின்றது? பிரித்தானியாவில் ஒவ்வாமையால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. மூச்சோ இதயமோ நின்றுபோக எடுத்த இடைநிலை நேரம் உணவால் வந்த ஒவ்வாமையில் 30 நிமிடம். பூச்சிக்கடியில் 15 நிமிடம். ஏற்றப்பட்ட மருந்துகளால் வந்ததில் 5 நிமிடம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகுப் பயணம் மட்டும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அதன்பின் யாழ்ப்பாணம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இந்தக் கணக்கைப் போட எவருக்கும் பெரிய படிப்புத் தேவையில்லை.

கைக்குழந்தையின் நிலை இன்னும் இக்கட்டானது. தொண்டை அடைக்கிறது, தலை சுற்றுகிறது என்று வளர்ந்தவர் சொல்வார். குழந்தை சொல்லாது. ஆகவே நாம்தான் பார்த்தறிய வேண்டும். புதிய உணவோ மருந்தோ கொடுத்த சிறிது நேரத்தில் உடம்பு தடித்து, அதனோடு திரும்பத் திரும்பச் சத்தி, இருமல், இழுப்பு, குரல் கம்மல், வெளிறல், திடீர்ச் சோர்வு, துவளல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அது அவசரம். சில வேளை தடிப்பே இல்லாமலும் இது வரும். துவண்ட குழந்தையைத் தோளில் நிமிர்த்தித் தூக்க வேண்டாம். படுத்தபடி வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டுக் குணமாகினாலும் வைத்தியசாலையில் தங்க வேண்டும். சில மணித்தியாலங்களின் பின் அது மீண்டும் தாக்கக்கூடும்.

“இந்த ஊசி இதயத்தைத் தாக்கிவிடாதா?” என்று அஞ்சுவோர் உளர். சுகாதார ஊழியர்களிடமும் இத்தயக்கத்தைக் கண்டிருக்கின்றேன். நரம்பில் வேகமாக ஏற்றினால் ஆபத்து என்பது உண்மை. அதனாலேதான் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுகிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குக் கரைசலில் உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.01 மில்லிலீற்றர், எட்டுக் கிலோக் குழந்தைக்கு 0.08 மில்லிலீற்றர். ஐந்து நிமிடத்தில் குணம் தெரியாவிடின் மீண்டும் போடலாம். எமது நாட்டிலேயே பாம்புக்கடிக்குள்ளான 1007 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், விஷமுறி மருந்துக்கு முன் தோலின் கீழ் சிறிதளவு அட்றினலின் கொடுத்தபோது முதல் ஒரு மணித்தியாலத்துக் கடும் ஒவ்வாமை 43 வீதம் குறைந்தது. கைக்குழந்தைக்கான ஆய்வல்ல அது. எனினும் இம்மருந்தை அளவறிந்து கையாள எம்மவரால் முடியும் என்பதற்கு அது சான்று.

மேல்நாடுகளில் பெற்றோர் தாமே குத்தும் தானியங்கி ஊசி உண்டு. கைக்குழந்தைக்கேற்ற 0.1 மில்லிகிராம் அளவுக்கு அமெரிக்காவில் 2017இல்தான் அனுமதி கிடைத்தது. விலையோ மிக அதிகம். அதை எண்ணி நாம் ஏங்கத் தேவையில்லை. ஒரு சிறு மருந்துக்குப்பி, ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சு, பழகிய ஒரு கை, இவை போதும்.

ஆகவே மூன்று விடயங்களை முன்வைக்கின்றேன். முதலாவது பெற்றோருக்கு: முதலில் யாழ்ப்பாணத்தை நோக்கி ஓடாமல், மிக அருகிலுள்ள வைத்தியசாலைக்கு ஓடுங்கள். ஊசிக்குப் பிறகு படகைப் பாருங்கள். இரண்டாவது சுகாதார அதிகாரிகளுக்கு: தீவுகளில் ஊசி போடப்படும் ஒவ்வோர் இடத்திலும், தனியார் சிகிச்சை நிலையங்கள் உட்பட, இம்மருந்து காலாவதியாகாமல், வெயில் படாமல் இருக்க வேண்டும். நிறைக்கேற்ற அளவு அட்டவணை சுவரில் தொங்க வேண்டும். வைத்தியர் இல்லாத வேளையில் எந்த ஊழியர் இதைப் போடலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நோயாளரைக் கடல் கடத்தும் படகிலும் இம்மருந்தும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருத்தல் வேண்டும். மூன்றாவது இரு கரைகளுக்கும்: 2016இல் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்த 1990 இலவச அம்புலன்ஸ் சேவை கடலைக் கடக்காது. ஆனால் அக்கரையிலிருந்து நேரத்துக்கு அழைத்தால், இக்கரைத் துறையில் அது காத்துநிற்க முடியும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். இதை வாசித்துவிட்டுக் குழந்தைக்கு முட்டையையும் மீனையும் நிறுத்திவிடாதீர்கள். கடும் ஒவ்வாமை அரிது. ஊட்டக்குறைவோ எம்மிடையே அரிதன்று. ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு நிலக்கடலையை முதலாண்டிலேயே கொடுக்கத் தொடங்கியபோது கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்களவு குறைந்ததென 2015இல் இலண்டன் ஆய்வொன்று காட்டியது. புதிய உணவைச் சிறிதளவில், பகல் வேளையில், ஒரு தரத்துக்கு ஒன்றாகக் கொடுத்துப் பாருங்கள். கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு முன்கூட்டியே வைத்தியரைக் கேளுங்கள். தடுப்பூசியைத் தவறவிடாமல் போடுவியுங்கள். முன்பு ஏதும் ஒவ்வாமை வந்திருந்தால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.

கடலை எம்மால் சுருக்க முடியாது. படகின் வேகத்தையும் ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. ஆனால் அந்த ஊசியை அக்கரையிலேயே போட்டுவிட முடியும். அடுத்த முறை குறிகட்டுவானில் இறங்கும் குழந்தை, ஊசி போடப்பட்டு, அழுதுகொண்டு இறங்கட்டும்.