கஷாயப் போத்தலும் காசநோய்க் கிருமியும்

ஹல்துமுல்லையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் கையில் திணிக்கப்பட்ட அந்த நான்கு பக்கத் துண்டுப்பிரசுரத்தை இரண்டு தடவை வாசித்தேன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் காசநோய்க் கிருமியை ஏற்றுகிறார்களாம்; எரிச்சலும் காய்ச்சலும் அது விஷம் என்பதற்குச் சாட்சியாம்; எதிர்ப்புச் சக்தியைக் கூட்டித் தமது கஷாயமே கட்டியைக் கரைத்துவிடுமாம்.

ஏற்றுவது பி.சி.ஜி. கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தை ஒடுக்கி எடுத்த தடுப்பூசி. லயத்தில் பிறக்கும் பிள்ளைக்கும் அதைத்தான் போடுகிறோம். பிரசுரத்தை எழுதிய பெரியவர் தம் பேரப்பிள்ளையின் தோளில் இருக்கும் தழும்பை ஒருநாளும் பார்த்ததில்லையா?

எரிச்சலுக்கு வருவோம். கட்டியைச் சுரண்டி எடுத்தபின் குழாய்வழியாக மருந்தைப் பைக்குள் விட்டு இரண்டு மணிநேரம் நிறுத்திவைக்கிறார்கள். கிருமி உட்சுவரில் ஒட்டுகிறது. எஞ்சிய புற்றணுக்கள் அதை விழுங்குகின்றன. அபாயச் செய்தி பரவி வெள்ளணுக்கள் படைபடையாய் வந்து சுவரையே வீங்கவைக்கின்றன. அந்த வீக்கம்தான் எரிகிறது. பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்புச் சக்தியைப் புகழ்கிறவர், அது வேலைசெய்யும்போது மட்டும் விஷம் என்று அலறுவது எந்த ஊர் நியாயம்? காய்ச்சல் தணியாவிட்டால் உடனே டொக்டரிடம் ஓடவேண்டும் என்பதும், சிறுநீரில் ரத்தம் தெரியும்போது மருந்தை விடக்கூடாது என்பதும் உண்மை. அந்த எச்சரிக்கையைச் சொல்பவர்களும் டொக்டர்மாரே. பிரசுரத்தில் அது இல்லை.

எதிர்ப்புச் சக்தி என்ன, சட்டியில் ஊற்றி நிரப்பும் கஞ்சியா? எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் அட்டெசோலிசுமாப் என்ற புற்றுநோய் மருந்தைப் பெற்ற நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து 2018இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வைப் பாருங்கள்: மருந்துக்கு அசையாத பல கட்டிகளில் புற்றைத் தாக்கும் டி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் இல்லாமலில்லை, கட்டியைச் சுற்றிய நார்த்திசுவில் சிக்கி உள்ளே நுழையமுடியாமல் நின்றன. பெரகலைக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவே மண் சரிந்து பாதை அடைபட்டால், இந்தப் பக்கம் எத்தனை அம்புலன்ஸ் சேர்த்தென்ன?

கஷாயச் சரக்குப் பட்டியலில் ஏழாவதாக நிற்கிறது ஈஸ்வரமூலி. அதைக் கண்டதும் என் கை நடுங்கியது. அந்த இனச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைத்துச் சிறுநீர்ப் பாதையிலேயே புற்றை உண்டாக்குவது; அச்செடிகள் கலந்த மூலிகை மருந்துகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002லேயே மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று வகைப்படுத்திவிட்டது. சிறுநீரகத்துக் குழியிலும் மூத்திரப்பையிலும் உள்ளே போர்த்தியிருப்பது ஒரே வகைத் தோல். எந்த நோயைக் குணமாக்குவதாகச் சத்தியம் செய்கிறாரோ, அந்த நோயின் வித்தையே போத்தலில் அடைத்து விற்கிறார்.

கடைசிப் பக்கத்தின் அடியில் போத்தலின் விலை தடித்த எழுத்தில் இருக்கிறது. ஆனால் பி.சி.ஜி.க்காக வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு ஆறு நாட்சம்பளம் போகும். நம் மக்களின் மெய்யான இடர் அதுதான், அதைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை. சிறுநீரில் வலியில்லாமல் வரும் ரத்தம் இரண்டு நாளில் தானாக நிற்கும், கஷாயத்துக்குப் பேர் கிடைக்கும், கட்டி உள்ளே வளரும். தசைக்குள் இறங்கியபின் பி.சி.ஜி. உதவாது, பையையே அகற்றவேண்டி வரலாம். இடையில் தொலைந்த மாதங்களுக்கு அவர் என்ன விலை போட்டிருக்கிறார்?