புதன்கிழமைக் கோழியும் கைமணமும்

தமிழில் உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே எழுதுகிறார்கள். அம்மியில் அரைத்த மசாலா, மண்சட்டி, விறகடுப்பு, பாட்டியின் கை, நண்பகல் தாண்டிய பசி என அந்தச் சித்திரம் ஏறக்குறைய வாய்பாடாகிவிட்டது. நாமும் அதை விரும்பியே படிக்கிறோம். ஆனால் புதன்கிழமை மாலை ஆறரை மணிக்கு, ஒரு கையில் வீட்டுப்பாட நோட்டும் இடுப்பில் தூக்கக் கலக்கத்தில் அழும் நான்கு வயதுக் குழந்தையுமாக நிற்கிற வீட்டைப் பற்றி நம் உணவு எழுத்தில் அநேகமாக ஒரு சொல்லும் இல்லை. அந்த வீட்டிலும் கோழி சமைக்கலாம், அரை மணி நேரத்தில் சமைக்கலாம், அதனால் நம் பண்பாட்டுக்கு எக்குறையும் வந்துவிடாது என்பதே இங்கு நாம் சொல்ல விரும்புவது. இலக்கியம் பேசும் இடத்தில் சமையல் குறிப்பா என்று புருவம் உயர்த்துவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். குறிப்பும் வரத்தான் போகிறது.

முதலில் பறவையைப் பற்றி. நம் வீடுகளில் இன்றும் கோழிக்குழம்புக்குப் பின்பற்றப்படும் செய்முறை நாட்டுக்கோழிக்காக உருவானது. முற்றத்தில் மேய்ந்து, வேலி தாண்டி ஓடி, மாதக்கணக்கில் வளர்ந்த கோழி அது. அதன் தசை இறுகியது, எலும்பு கெட்டியானது. நெடுநேரம் வெந்தால்தான் பல்லுக்கு இசையும். தினமும் அடிக்கத்தக்க கோழியும் அன்று. விருந்தினர் வந்தால், கொடை வந்தால், பிள்ளைபெற்றவளுக்குச் சாறு வைக்க வேண்டுமென்றால் அடிப்பார்கள். பெரும்பாணாற்றுப்படை காட்டுகிற மருதநிலத்து மனையிலும், வெண்ணெல் சோற்றோடு வீட்டில் வளர்ந்த அளகின் வாட்டு கிடைப்பது வழிநடந்து வந்த பாணனுக்குத்தான். அளகு என்பது பெட்டைக்கோழி. வாட்டு என்பது தீயில் வாட்டிய இறைச்சி. (பன்னிரண்டு பொருள்களை வறுத்து அரைத்ததாக அங்கே செய்தி ஏதுமில்லை என்பதையும் இடையே சொல்லிவைப்போம்.) ஆக, விருந்துக்குரிய கோழியும் அதற்குரிய நீண்ட பகலும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே இருந்தன.

இன்று நகரத்திலும் சிற்றூரிலும் கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் பிராய்லர் கோழி. பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளின் பண்ணைகளில், நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தர, விவசாயி கொட்டகையும் உழைப்பும் தந்து வளர்ப்புக்கூலி பெறும் ஒப்பந்த முறையில் வளர்வது. ஏறத்தாழ ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடையை எட்டிவிடுகிறது. ஓடியாடி இறுகாத அதன் தசை, துண்டுகள் சிறிதாயின் பதினைந்து இருபது நிமிடத்தில் வெந்துவிடும். இந்தக் கோழியைத்தான் நாம் பழைய செய்முறையின்படி குக்கரில் இட்டு ஐந்து விசில் விடுகிறோம். பிறகு, கறி நார்நாராகப் போய்விட்டது, பிராய்லரில் ருசியே இல்லை என்று நொந்துகொள்கிறோம். பறவை மாறிவிட்டது, செய்முறை மாறவில்லை. ஒன்றரை மணி நேர உழைப்பைக் கேட்பது அந்தக் கோழியன்று, நம் நினைவு.

குழந்தைகளுள்ள வீடுகளில் உடனே எழும் அச்சம் ஒன்றுண்டு. பிராய்லருக்கு ஊசி போட்டு வளர்க்கிறார்களாமே என்பார்கள். அது இவ்வளவு விரைவாக வளர்வதற்குக் காரணம் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துச் செய்த இனப்பெருக்கமும் செறிவான தீவனமுமே. கவலைப்பட வேண்டிய இடம் வேறு: நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவு விலங்குகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019இல்தான் தடை செய்தது. இதைப் பற்றிப் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. ஆயினும் அது புதன்கிழமைக் கோழிக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஞாயிற்றுக்கிழமைக் கோழியும் அதே கொட்டகையிலிருந்துதான் வருகிறது.

ஏன் புதன்கிழமை என்று கேட்கலாம். செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் விலக்கு, சனி பெருமாளுக்கு, வியாழனும் இப்போது குருவுக்கென்று போய்விட்டது. திங்களன்று ஞாயிற்றுக் குழம்பின் மிச்சம் இருக்கும். அமாவாசை, கிருத்திகை, சஷ்டி, புரட்டாசி முழுவதும் என்று கழித்துக்கொண்டே வந்தால் உழைக்கும் குடும்பத்தின் கோழிக்கு எஞ்சுவது புதன் ஒன்றே.

செய்முறை இது. நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்கிறவர்கள். ஏழு வயதும் நான்கு வயதுமாக இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டின் அளவு இங்கே சொல்லப்படுகிறது.

காலையில் பால் வாங்கப் போகிறவர் அரைக்கிலோ கோழியும் வாங்கி வரட்டும். தொடைப்பகுதியாக, எலும்பு நீக்கியதாக இருத்தல் நலம். ‘லெக் போன்லெஸ்’ என்றால் கடைக்காரர் தருவார். நெஞ்சுக்கறி விரைவில் வறண்டுவிடும், தொடைக்கறி ஓரிரு நிமிடம் கூடினாலும் மன்னித்துவிடும். சிறு பிள்ளைகளின் தொண்டைக்கு எலும்புச் சில்லுகள் ஆபத்து என்பதும் காரணம். குழாயைத் திறந்துவிட்டுப் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். அந்தத் தண்ணீரோடு நுண்ணுயிர்கள் தொட்டியைச் சுற்றிலும் தெறிக்கும். ஒரு பாத்திர நீரில் மெதுவாக அலசி எடுத்து, கையையும் தொட்டியையும் சோப்பிட்டுக் கழுவிவிட வேண்டும். பிறகு ஒரு தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, இரண்டு மேசைக்கரண்டி தயிர் ஆகியவற்றைப் பிசறி, மூடி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். பத்து நிமிட வேலை. பகல் முழுவதும் உப்பும் தயிரும் நமக்காக உழைத்துக்கொண்டிருக்கும்.

மாலையில் முதலில் சோற்றுக்குக் குக்கரை ஏற்றிவிட வேண்டும். பக்கத்து அடுப்பில் அடிகனமான, அகன்ற வாணலி. இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அரைத் தேக்கரண்டி சோம்பு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று. ஐந்து நிமிடம் வதங்கியதும் ஒரு தக்காளியும் ஒரு தேக்கரண்டி மல்லித்தூளும் சேர்த்து மூன்று நிமிடம். பின் கோழியைக் கொட்டி, தீயைக் கூட்டி நான்கு நிமிடம் புரட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. கோழியும் தயிரும் விடுகிற நீரே போதும். மூடி, தீயைக் குறைத்துப் பன்னிரண்டு நிமிடம். இந்தப் பன்னிரண்டு நிமிடமே இந்தச் செய்முறையின் உயிர். இந்நேரத்தில் அடுப்பருகே யாரும் நிற்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டலாம், மற்றதன் வாய்ப்பாட்டைக் கேட்கலாம், சும்மா நாற்காலியிலும் உட்காரலாம். திறந்து, பருத்த துண்டொன்றை வெட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. வெப்பமானி வைத்திருப்போர் 74 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று பார்க்கலாம். அரை டம்ளர் தேங்காய்ப்பால் விட்டு இரண்டு நிமிடம். பொட்டலத்தில் வரும் பாலானாலும் பாதகமில்லை.

இப்போது பிள்ளைகளின் பங்கை எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். அதன்பின், வாணலியில் எஞ்சியதில் ஒன்றிடித்த மிளகு ஒரு தேக்கரண்டியும் கீறிய பச்சைமிளகாய் இரண்டும் சேர்த்து இன்னும் இரண்டு நிமிடம். ஒரே பாத்திரத்தில் இருவகைச் சுவை. ‘காரம், காரம்’ என்ற அழுகையும் இல்லை, குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் சப்பென்று உண்ணும் தியாகமும் இல்லை. கூட்டிப் பார்த்தால் இருபத்தெட்டு நிமிடம். கேரட் இருந்தால் சிறிதாக நறுக்கிக் கோழியோடு போடலாம். அன்றைக்குக் கோழியே வேண்டாமென்று முரண்டு பிடிக்கும் பிள்ளைக்குத் தயிர்ச்சோறு. அதைப் பற்றி விவாதம் நடத்த வேண்டியதில்லை.

இவ்வளவுதானா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் கேட்டார்கள். வறுத்தரைக்காத குழம்பை உண்டு வளரும் பிள்ளைக்கு நாளை நாக்கில் என்ன இருக்கும் என்பது அவர்கள் கவலை. பொருட்படுத்தத்தக்க கவலைதான் அது. சுவை என்பதும் ஒரு வகையில் மொழியைப் போல் கற்றுக்கொடுத்தே கைமாறுவது. அதற்கு ஞாயிறு இருக்கிறது, பொங்கலுக்கு மறுநாள் இருக்கிறது, ஊருக்குப் போகும் விடுமுறை இருக்கிறது. வறுத்தரைத்த குழம்பை யாரும் ஒழிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கவலை எப்போதும் ஒருவரை நோக்கியே சொல்லப்படுவதைக் கவனிக்க வேண்டும்.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தாம். பெண்கள் 81 பேர். இந்த எண்களை அறியாமலே நம் இலக்கியம் இவற்றை நெடுங்காலமாக எழுதிவந்திருக்கிறது. குறுந்தொகையின் 167ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் புன்னகைக்கிறார்கள். புதுமனைவி புகையில் நின்று சமைக்கிறாள், கணவன் இனிது என்று உண்கிறான், அவள் முகம் மெல்ல மலர்கிறது. கூடலூர் கிழாரின் கலைநுட்பத்தில் நமக்கு ஐயமே இல்லை. ஆயினும் புகை ஒருவருக்கும் ‘இனிது’ என்னும் சொல் மற்றவருக்கும் என்ற அந்தப் பங்கீடு இத்தனை நூற்றாண்டாக அப்படியே நிற்பதை, பாடலை நேசித்துக்கொண்டே பார்க்க முடியும். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988இல் தொகுப்பாக வந்தபோது தமிழ் வாசகன் கண்டது அதன் மறுபக்கம். சமையலறையையே தன் ஆட்சிப்பரப்பென்று நம்பவைக்கப்பட்ட பெண்ணின் கதை அது.

அந்த நம்பிக்கையைத் தாங்கி நிற்கும் சொல் ‘கைமணம்’. அழகான சொல்தான். ஆனால் அது செய்கிற வேலையைப் பாருங்கள். கைமணம் ஒரு குறிப்பிட்ட கையில் மட்டுமே இருப்பது, அளவில்லாதது, கற்பிக்க இயலாதது. எனவே அந்தக் கைக்கு விடுமுறையே கிடையாது. “அம்மா வைத்தால்தான் அது குழம்பு” என்பது பாராட்டாகவும் ஆயுள்தண்டனையாகவும் ஒரே சமயத்தில் ஒலிக்கிறது. மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ வெளியிட்டு, வாய்வழியாகக் கைமாறிவந்த சமையலை அச்சில் கொண்டுவந்தார். அது சைவச் சமையல் நூல். கோழிக்கு அதில் இடமில்லை. எத்தனையோ வீடுகளில் கறிக்குழம்பு இன்றும் ‘கண்ணளவு’, ‘ஒரு கை’, ‘வாசம் வரும்வரை’ என்ற சொற்களிலேயே நிற்கிறது. அந்த மொழி அருகிலிருந்து பார்த்துப் பழகியவருக்கே புரியும். நம் சமையலறைகளில் அப்படிப் பழக ஆண்பிள்ளைகளை யாரும் அழைப்பதுமில்லை.

புதன்கிழமைக் கோழியை ‘ஒரு தேக்கரண்டி’, ‘பன்னிரண்டு நிமிடம்’ என்று இத்தனை அலுப்பூட்டும் துல்லியத்தோடு இங்கே எழுதியதற்குக் காரணம் இதுவே. எளிமை என்று நாம் சொல்வது வேலைக் குறைவை மட்டுமன்று; யார் வேண்டுமானாலும் தொடங்கி யார் வேண்டுமானாலும் முடிக்கலாம் என்பதையும்தான். பேருந்து தாமதமாகி ஒருவர் வர ஏழரை ஆனால், முன்னால் வந்தவர் வாணலியை ஏற்றிவிடலாம். ‘எவ்வளவு உப்பு?’ என்று கைப்பேசியில் அழைக்க வேண்டியதில்லை; உப்பு காலையிலேயே போட்டாயிற்று. யார் சமைத்தாலும் ஏறக்குறைய ஒரே சுவைதான் வரும். அதை இந்தச் செய்முறையின் குறை என்பார் சிலர்.

எங்கள் வீட்டில் இது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. மல்லித்தூள் கறை படிந்த அந்தத் தாளில் ‘தக்காளி 1’ என்பதை அடித்துவிட்டு யாரோ ‘2’ என்று திருத்தியிருக்கிறார்கள். எழுத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஏழு வயதுக்காரரின் கையெழுத்தைப் போலிருக்கிறது. அடுத்த புதனன்று இரண்டு தக்காளி போட்டுப் பார்க்க வேண்டும். புளிப்பு மிகுந்தால் தேங்காய்ப்பாலைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.